எலியட்டின் மருத்துவ விடுப்பு

சென்ற இதழில் ஒரு நண்பர், மனநோயை மறைத்துக்கொண்டு அலுவலகம் போகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அவர்கள் தங்களுக்கே துரோகம் செய்துகொள்கிறார்கள் என்பது அவர் கட்சி. எழுத்தாளன் தன் அந்தரங்கத்தைத் திறந்து வைப்பதுபோல ஊழியனும் தன் நோயைத் திறந்து வைக்க வேண்டும், மறைப்பது கோழைத்தனம், சொல்வதில்தான் விடுதலை என்று முடித்திருந்தார். கட்டுரை நன்றாக எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. மோசமாக எழுதப்பட்ட தவறுகளை யாரும் மறுக்க வேண்டியதில்லை, அவை தாமாகவே உதிர்ந்துவிடும். நண்பர் எங்கே வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கும் இடத்தில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நான் நெய்வேலியில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. கொஞ்ச நாட்களுக்கு முன் மந்தாரக்குப்பத்தில் ஒரு டீக்கடை வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார். கவுண்டரில் பார்த்துப் பழக்கம். ஒப்பந்தத் தொழிலாளி. என்ன வேலை, எந்தப் பகுதி என்று சொல்லப்போவதில்லை. சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அவருடைய பிரிவில் ஒப்பந்தக்காரர் மாறப்போகிறார். புதிதாக வருகிறவர் பழைய ஆட்களில் எத்தனை பேரை வைத்துக்கொள்வார் என்று யாருக்கும் தெரியாது. பாதி என்கிறார்கள், முக்கால்வாசி என்கிறார்கள். எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். பெயர், வயது, ஆதார், வங்கிக் கணக்கு எண். கணக்கு எண்ணைச் சரிபார்க்கத்தான் என்னிடம் வந்தார். ஆனால் அவர் விரல் நின்றது அதற்குக் கீழே உள்ள கட்டத்தில். தொடர் சிகிச்சை ஏதும் எடுத்துக்கொள்கிறவரா? ஆம், இல்லை.

"ஒம்பது வருஷமா மாத்திரை சாப்புடுறேன் சார். பாண்டிச்சேரிலதான் பாக்குறேன். இதுல சொல்லிடலாமா, வேணாமா?"

என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். சொல்லிவிட்டு டீக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

சொன்னால் நோய்க்காக வேலை போகும். சொல்லாமல் இருந்து பிறகு தெரியவந்தால் பொய்த் தகவல் கொடுத்ததற்காகப் போகும். இரண்டில் எது கோழைத்தனம், எது விடுதலை என்பதை நண்பர் வந்து இந்த டீக்கடை வாசலில் விளக்கினால் நானும் நின்று கேட்பேன்.

நெய்வேலியை வெளியூர்க்காரர்கள் ஒரு சுரங்கம் என்று நினைக்கிறார்கள். அது ஒரு முழு வாழ்க்கை ஏற்பாடு. 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி முகம் காட்டியது. அடுத்த ஆண்டே மின்சாரம். வட்டம் வட்டமாக ஊர் எழும்பியது. நிரந்தர ஊழியனுக்கு வேலை, வீடு, தண்ணீர், தெருவிளக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடம், மனைவியின் பிரசவம் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ். இதன் சௌகரியத்தை அனுபவித்தவர்கள் அதைக் குறைத்துப் பேசமாட்டார்கள், நானும் பேசவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஊரில் 'சொல்வது' என்ற காரியத்துக்கு வேறு எடை வந்துவிடுகிறது. சென்னையில் ஒருவன் வேலையை இழந்தால் வேலையை இழக்கிறான். இங்கே வேலையோடு கதவு எண்ணும் போகும். வைத்தியரைப் பார்க்கப் போவதே ஓர் அறிவிப்பு. எந்த வைத்தியரையும் குறை சொல்லவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எதிர்வீட்டுக்காரர், அவ்வளவுதான். மாலைக்குள் விஷயம் வட்டத்தைச் சுற்றி வந்துவிடும், அடுத்த தை மாதம் பெண் பார்க்க வருகிறவர்களின் காதுக்கும் போய்விடும். அதனால்தான் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

இந்த ஊருக்கு மூடல் என்பது புதிய செய்தியும் இல்லை. உர ஆலையும் லெக்கோ ஆலையும் இன்று வயதானவர்களின் பேச்சில் மட்டும் ஓடுகின்றன. சோவியத் உதவியோடு எழுந்த 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம் 2020 செப்டம்பர் 30ஆம் தேதியோடு முழுவதும் நின்றது. நிரந்தரம் சுருங்கி ஒப்பந்தம் பெருகிய கதையை இங்கே டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஆட்குறைப்பு நோட்டீஸ் கிடையாது. புதிய பட்டியலில் பெயர் இருக்காது. அவ்வளவு மௌனமான காரியம் அது.

இனி நண்பர் ஏறி நின்ற மேடைக்கு வருகிறேன்: இலக்கியம்.

நம் சிற்றேடுகளில் எலியட்டின் 'பாழ்நிலம்' பற்றி எழுதாதவர் யார்? ஐம்பது வருடமாக எழுதிவருகிறோம். நாகரிகத்தின் சிதைவு, உடைந்த பிம்பங்கள், தொன்மம், உபநிஷதம். அது எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்பதை மட்டும் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டோம். எலியட் 1917 முதல் லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் குமாஸ்தா. 1921இல் நரம்புத் தளர்ச்சி என்று அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட நிலைக்கு வந்து சேர்ந்தார். வைத்தியர் ஓய்வு வேண்டும் என்றார். வங்கி மூன்று மாதம் விடுப்பு கொடுத்தது. மார்கேட் கடற்கரையில் சில வாரங்கள், பிறகு ஸ்விட்சர்லாந்தின் லொஸான் நகரில் டாக்டர் வித்தோஸிடம் சிகிச்சை. கவிதையின் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில் வடிவம் பெற்றது. 1922 ஜனவரியில் லண்டன் திரும்பினார். வங்கியில் அவர் மேசை இருந்தது. 1925 வரை அங்கேதான் வேலை பார்த்தார்.

எலியட்டை வங்கியிலிருந்து மீட்பதற்காக எஸ்ரா பவுண்ட் நன்கொடை திரட்டக் கிளம்பிய கதையை நாம் ரசித்துச் சொல்வதுண்டு. கலைஞனைச் சிறைப்படுத்திய வங்கி, அவனை விடுவிக்க வந்த கவி நண்பன். ஒரு குமாஸ்தா என்ற முறையில் என் அபிப்பிராயம் வேறு. திரும்பி வந்தபோது மேசை இருந்ததே, அதுதான் எனக்கு இந்தக் கதையில் ஆச்சரியமான பகுதி. நவீனத்துவத்தின் தலையாய கவிதை, ஒரு வங்கி அனுமதித்த மருத்துவ விடுப்பில் எழுதப்பட்டது. அந்த வங்கி கருணை மிக்கது என்றோ எலியட் துணிச்சல்காரர் என்றோ நான் சொல்ல வரவில்லை. அவர் உபயோகமான ஊழியர், ஆங்கிலச் சமூகத்தில் மரியாதைக்குரிய ஆசாமி, தவிர அந்த மூன்று மாதத்தில் அவர் மேசையை எடுத்துவிட யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. சொல்வதற்கான சூழ்நிலை அவருக்கு இருந்தது. அவர் சொன்னார்.

நம்மிடம் அந்தச் சூழ்நிலை இல்லாததால் என்ன நடக்கிறது என்றால், விடுப்பு விண்ணப்பம் ஓர் இலக்கிய வகையாக வளர்ந்துவிட்டது. இந்த நாட்டில் மிக அதிகமாக எழுதப்படும் புனைகதை அதுதான் என்பேன். வைரஸ் காய்ச்சல், மஞ்சள் காமாலை, முதுகு வலி, மாமனாருக்குக் கண் ஆபரேஷன். இதில் எத்தனை முதுகுவலிகள் முதுகில் இல்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், கையெழுத்துப் போட்ட டாக்டருக்கும் தெரியும், பல சமயம் அனுமதிக்கும் மேலாளருக்கும் தெரியும். மூவரும் சேர்ந்து காப்பாற்றும் இந்தப் பொய்யை நண்பர் கோழைத்தனம் என்கிறார். எனக்கு அது, சட்டம் செய்யத் தவறியதை மனிதர்கள் கள்ளத்தனமாகச் செய்துகொள்ளும் ஏற்பாடாகப் படுகிறது.

தமிழ் எழுத்தாளர்களையும் நண்பர் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். நானும் அழைக்கிறேன். எம்.வி. வெங்கட்ராம் நீண்ட காலம் காதில் குரல்களைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்தவர். அந்த அனுபவத்திலிருந்து எழுதிய 'காதுகள்' நாவலுக்கு 1993இல் சாகித்ய அகாதெமி பரிசு வந்தது. நாம் உடனே அதை ஆன்மீக அனுபவம் என்றோம், மாய யதார்த்தம் என்றோம், உபாசனை என்றோம். அந்தக் குரல்களோடு அந்த மனிதர் கும்பகோணத்தில் ஜரிகை வியாபாரம் பார்த்தார், பிழைப்புக்காகப் பதிப்பகங்களுக்கு எழுதிக் குவித்தார், குடும்பம் நடத்தினார் என்பதை விமர்சனத்துக்கு உரிய விஷயமாகவே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. பரிசு வந்தபோது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். இழக்க வேலை இல்லை. சொல்ல முடிந்தது.

'ழ' நடத்திய ஆத்மாநாம் 1984இல், 33 வயதில் தன்னை முடித்துக்கொண்டார். அதன் பிறகு அவருடைய நோயை அவர் கவிதைக்கு ஓர் ஒளிவட்டமாக மாட்டிவிட்டோம். எந்தக் கவிதையும் ஓர் உயிருக்கு ஈடில்லை என்று சொல்வதற்கு ஏன் இத்தனை தயக்கம்? பைத்தியம் என்பதை ஞானத்தின் இன்னொரு பெயராகச் சித்தர் பாடல்களிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, அதே பேச்சில் பிடிக்காத கவிஞனைக் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றும் 'மரை கழண்டது' என்றும் சொல்கிறவர்கள் நம் இலக்கியக் கூட்டங்களில்தான் இருக்கிறார்கள். ஓர் ஊரின் பெயரையே வசைச் சொல்லாக்கிய மொழி நம்முடையது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி 28 பேர் சங்கிலியோடு கருகிய பிறகுதான் மனநோயாளி என்ற பிரஜை இருக்கிறான் என்பதே நம் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குத் தெரிந்தது.

கோபிகிருஷ்ணன் ஒருவரைத்தான் நான் விதிவிலக்காகச் சொல்வேன். உளவியலும் சமூகப் பணியும் படித்தவர், குறைந்த சம்பள வேலைகளில் மாறி மாறி இருந்தவர், 2003இல் இறந்தார். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நாவலில் நோயாளிகள் ஞானிகளும் இல்லை, பூதங்களும் இல்லை. அவருடைய கதைகளில் மாத்திரையும் அலுவலகமும் வீட்டு வாடகையும் ஒரே பக்கத்தில் வரும். வாடகை இல்லாத இடத்தில் மாத்திரையைப் பற்றிப் பேசுவது சொகுசு என்பதை அவர் தெரிந்துவைத்திருந்தார். நண்பரின் கட்டுரையில் அவர் பெயர் இல்லாதது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இலக்கியம் போதும். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம், ஏனென்றால் "இப்போது சட்டமே பாதுகாப்பு தருகிறது, பயம் எதற்கு?" என்று நண்பர் ஒரு வரியில் கடந்துபோகிறார். அந்த ஒரு வரிக்குள் பலருடைய சோறு இருக்கிறது.

ஊனமுற்றோருக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனநோய் ஊனங்களின் பட்டியலில் இருந்தது. வேலை இட ஒதுக்கீட்டில் இல்லை. பெயர் உண்டு, இலை கிடையாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு இட ஒதுக்கீடு 4 சதவீதம் ஆயிற்று. அதில் ஒரு சதவீதத்தை மனநோய், ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல ஊனங்கள் உடையவர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இட ஒதுக்கீட்டுக்கு ஊனம் 40 சதவீதம் இருக்க வேண்டும். மனநோயில் 40 சதவீதத்தை எப்படி அளப்பது? இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய ஓர் அளவுகோல் இருக்கிறது. தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு முடியவில்லை என்பதற்கு 4 வரை மதிப்பெண், நோய் எத்தனை வருடமாக என்பதற்கு மேலும் 4. எவ்வளவு முடியாதோ அவ்வளவு மதிப்பெண். இதைத் தயாரித்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் தயாரித்தார்கள், ஓய்வூதியம் பெற வேண்டியவர்களுக்கு இது உதவியும் இருக்கிறது. ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு, ஷிப்ட் தவறாமல் போய், நன்றாக வேலை செய்கிறவன் இந்த அளவுகோலின் முன் எப்படி நிற்பான்? பாதுகாப்பு வேண்டுமென்றால் 'என்னால் வேலை செய்ய முடியவில்லை' என்று ஒரு காகிதம் காட்ட வேண்டும். வேலை நிலைக்க வேண்டுமென்றால் 'என்னால் முடிகிறது' என்று காட்ட வேண்டும். இரண்டு காகிதமும் போய்ச் சேருவது ஒரே மேசைக்கு. மருந்து வேலை செய்யச் செய்ய உரிமை தேய்கிறது.

நியாயமான வசதிகளைச் செய்து தருவதற்கு 40 சதவீதம் தேவையில்லை என்பது அந்தச் சட்டத்தின் வாசகத்தைப் படித்தாலே தெரியும். நானும் படித்திருக்கிறேன். ஆனால் சான்றிதழ் இணைக்கப்படாத விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் எந்த டிரேயில் தூங்கும் என்பது வாசகத்தைப் படித்தால் தெரியாது, அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால்தான் தெரியும். 2020இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நீதித்துறைப் பணிக்கு விண்ணப்பித்த ஒருவருக்கு இருமுனை மனநிலை நோய். உங்கள் ஊனம் நிரந்தரமானது இல்லை, ஆகையால் ஒதுக்கீடு இல்லை என்று அவரை ஒதுக்கினார்கள். நோய் அடங்கியிருக்கிறது என்பதாலேயே ஊனம் இல்லை என்றாகாது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல தீர்ப்பு. அந்த விண்ணப்பதாரருக்குச் சட்டம் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கக் கூடாது, சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், இடம் இல்லையென்றால் தனியாக ஓர் இடம் உண்டாக்கியாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. அழகான பிரிவு. ஆனால் இந்த உத்தரவாதம் அரசு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது. ஒப்பந்தக்காரர் அரசு நிறுவனம் இல்லை. ஒரே மண்ணில், ஒரே ஷிப்டில், ஒரே மாத்திரையைச் சாப்பிடும் இரண்டு பேரில் ஒருவர் இந்தப் பிரிவுக்கு உள்ளே, இன்னொருவர் வெளியே. என்னை நிறுத்தியவர் வெளியே நிற்பவர்.

இன்னொரு சட்டமும் உண்டு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம். ஆட்குறைப்பு என்றால் என்ன என்ற விளக்கத்தை அதில் 1953இல் சேர்த்தார்கள். ஒருவரை ஆட்குறைப்புச் செய்தால் முன்னறிவிப்பு வேண்டும், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு வேண்டும். ஆனால் தொடர்ந்த உடல்நலக் குறைவுக்காக நீக்கினால் அது ஆட்குறைப்பே இல்லை என்று அதே விளக்கம் விலக்கிவைத்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வரி உயிரோடு இருந்தது. எல்லோரும் நீக்கப்படும் காலத்தில், நோயைச் சொன்னவன் மட்டும் ஆட்குறைப்பு என்ற சொல்லின் அர்த்தத்திலிருந்தே நீக்கப்பட்டுவிடலாம். இப்படி ஒரு வரியின் நிழலில் வளர்ந்த தொழிலாளியிடம் போய் ஒளிவுமறைவு கூடாது என்று உபதேசிக்கிறோம். 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்து அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அரசிடம் முன் அனுமதி பெற்றுத்தான் ஆட்குறைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கே இருந்தது, இப்போது 300 பேர் இருந்தால்தான்.

"உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே" என்பார்கள். சொல்லியிருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் அதிகாரியாக இருந்த ரவீந்தர் குமார் தாரிவாலுக்கு 2009இல் எண்ணச் சுழற்சி நோய் ஆரம்பித்தது. 2010இல் அவர் பேசிய பேச்சுக்காக அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. மன ஊனம் உள்ளவர் மீது இப்படி நடவடிக்கை எடுப்பது மறைமுகமான பாரபட்சத்தின் ஒரு முகம், நடத்தைக்கு அந்த ஊனம் ஒரு காரணமாக இருந்தாலே போதும் என்று 2021 டிசம்பர் 17இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடவடிக்கை ரத்து. துப்பாக்கியைக் கையாளாத வேலைக்கு மாற்றலாம், சம்பளமும் பணி நிபந்தனைகளும் குறையக் கூடாது. இந்திய நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் எழுதியவற்றுள் ஆகச் சிறந்தவற்றில் ஒன்று என்று நினைக்கிறேன். ஆனால் வருடங்களைக் கூட்டிப் பாருங்கள். 2010 முதல் 2021. பதினோரு வருடம் வழக்கு நடத்தக்கூடியவன் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒப்பந்தக்காரர் பட்டியல் போட எடுத்துக்கொள்வது பதினோரு நாள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் போனால் நானும் நண்பரைப்போலத்தான். "சுரங்கத்தில் வேலை, ராட்சத இயந்திரம், ஓடும் கன்வேயர். ஓட்டுகிறவன் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிய வேண்டாமா?" வேண்டும். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். சுரங்கத் தொழிலாளிக்கு மருத்துவப் பரிசோதனை விதி இருப்பதும் இதனால்தான். ஆனால் இந்த ஆட்சேபம் யார் தலையில் பொறுப்பைக் கட்டுகிறது என்று பாருங்கள். தாரிவால் வழக்கில் நீதிமன்றம் காட்டிய வழி எளிமையானது: ஆபத்தான கருவியிலிருந்து ஆளை மாற்று, சம்பளத்தைத் தொடாதே. இந்த உறுதி சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருந்தால் அந்த ஓட்டுநர் முதல் நாளே வந்து சொல்லுவார். சொன்ன மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் சொல்லமாட்டார், தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுவார், அல்லது அதைவிட மோசமாக, கலக்கம் வராமல் இருக்க மாத்திரையை நிறுத்திவிட்டு ஓட்டுவார். ஆபத்தை உண்டாக்குவது நோய் இல்லை, நோயைச் சொன்னால் தண்டனை என்ற ஏற்பாடு. நெய்வேலியில் 2020 மே மாதமும் ஜூலை 1ஆம் தேதியும் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தக்காரர்கள் என்பது ஊருக்குத் தெரியும். பாதுகாப்பு என்ற சொல்லைத் தொழிலாளியின் மண்டைக்குள் தேடுகிறவர்கள் கொதிகலனுக்குள்ளும் அதே சிரத்தையோடு தேடட்டும்.

வேறு ஒன்றும் ஞாபகம் வருகிறது. 2015 ஜனவரியில், ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தபோது, சென்னையில் ஒரு பெண் ஊழியர் தான் கர்ப்பிணி என்று உயர் நீதிமன்றத்தில் சொன்னார். இடைக்காலத் தடை கிடைத்தது. நிறுவனமும் நீக்கத்தைத் திரும்பப் பெற்றது. அவர் உடலைப் பற்றிய உண்மை அவருக்குக் கேடயமாயிற்று. மிக நல்லது. அதே நிறுவனம் 2025 ஜூலையில் 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்தப் பன்னிரண்டாயிரத்தில் யாராவது ஒருவர் போய் எனக்கு மனச்சிதைவு, ஆகையால் என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதை நண்பரால் கற்பனை செய்ய முடிகிறதா? உண்மை என்பது எல்லா உடம்பிலும் ஒரே விலைக்குப் போவதில்லை.

என் துறையிலும் நடந்திருக்கிறது. 2000-2001இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 40 வயது அல்லது 15 வருடச் சர்வீஸ் ஆனவர்கள் போகலாம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் போனார்கள். எல்லோரும் விருப்பப்பட்டுத்தான். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். ஒரு மூத்த சகா, ஓய்வு பெறும் நாளில், அவர் அப்போது இருந்த கிளையில் நடந்ததைச் சொன்னார். யாரிடமெல்லாம் 'எடுத்துச் சொல்ல வேண்டும்' என்று டீ நேரத்தில் ஒரு பட்டியல் போட்டார்களாம். காகிதத்தில் இல்லை, வாய்ப் பட்டியல். அதில் ஒருவருக்கு அவர்கள் சொன்ன காரணம், "ஆள் ஒரு மாதிரி." அவர் இரண்டு வருடத்துக்கு முன் நம்பிக்கையோடு ஒருவரிடம் சொல்லியிருந்தார். ரகசியம் காக்க வேண்டும் என்ற கடமையை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை தருகிறவர்கள் மீது சுமத்தியிருக்கிறது. டீ குடிக்கிறவர்கள் மீது சுமத்த எந்தச் சட்டத்தாலும் முடியாது.

தொழிற்சங்கங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. போனஸ், கேன்டீன், வாரிசு வேலை, பணி நிரந்தரம் என்று பட்டியல் நீளும். எல்லாம் நியாயமான கோரிக்கைகள். நான் பார்த்த எந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் மனநோயாளியான தொழிலாளி இல்லை. எங்கள் சங்கத்துப் பட்டியலையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த விஷயத்தில் நிர்வாகமும் சங்கமும் ஒரே மொழியில்தான் மௌனம் சாதிக்கின்றன.

ஆக, நண்பரின் கேள்வியே தலைகீழ். ஊழியன் எப்போது சொல்லப்போகிறான் என்று அவர் கேட்கிறார். ஸ்தாபனம் எப்போது சொல்லப்போகிறது என்பதுதான் கேள்வி. 2024இல் உலக மனநல தினத்துக்குப் பணியிடமே பொருளாக இருந்தது. பதாகைகள் தொங்கின, 'பேசுங்கள், கேட்கக் காத்திருக்கிறோம்' என்றன. காத்திருக்கிறவர்கள் முதலில் பேசட்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்கிறது. 20 பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள்கூட இதற்கு உட்பட்டவைதான். சொன்ன ஊழியனை என்ன செய்வோம், எந்த வேலைக்கு மாற்றுவோம், அவன் காகிதம் யார் மேசையில் பூட்டி இருக்கும், ஆட்குறைப்புப் பட்டியல் போடுகிறவர் கைக்கு அது போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம். இதையெல்லாம் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டுப் பிறகு கேட்கட்டும். மாதம் ஒரு நாள் ஷிப்ட் மாற்றிக்கொள்ளக் காரணமே சொல்ல வேண்டாம் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி போட்டால், பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறுகிறவர் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த ஒரு விதி ஆயிரம் பதாகைகளுக்குச் சமம்.

இந்த இடத்துக்கு வருவதற்குள், வாசகர்களில் சிலர் என்னைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருப்பார்கள். இவனுக்கு ஏன் இத்தனை கோபம், இவனும் சாப்பிடுகிறவனா? நண்பரும் பதில் எழுதும்போது இதைத் தொடுவார் என்று எதிர்பார்க்கிறேன். ஆம் என்றால் என் வாதத்தை வேதனை என்று தள்ளிவிடலாம், இல்லை என்றால் அனுபவம் இல்லாதவன் பேச்சு என்று தள்ளிவிடலாம். நான் பதில் சொல்லப்போவதில்லை. இந்தப் பத்திரிகை எங்கள் கிளைக்கும் வருகிறது.

டீக்கடை வாசலில் அவரிடம், அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்றேன். காலிக் கட்டங்களை யாரும் திருப்பி அனுப்புவதில்லை, இது என் தொழிலில் நான் கற்ற ஒன்று. காலியாக விடப் பயந்து அவர் ஒரு சிறிய கோடு இழுத்துக் கொடுத்துவிட்டார். புதிய பட்டியலில் பெயர் இருந்தது. போன வாரம் பாஸ்புக் பதிய வந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அழைத்துப் போகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறாராம். அவரும் சரி என்றாராம். மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். செத்து மூன்று வருடமாயிற்று என்றார்.

"சூப்பர்வைசருக்குத் தெரியுமா?"

"சாவுக்கு வந்திருந்தாரு சார்."